பழைய ஸ்போர்ட் டூரரில் எக்ஸாஸ்ட் மாற்றப் போகிறீர்களா? முதலில் அந்த எட்டு நட்டுகளைப் பாருங்கள்

உங்கள் ஸ்போர்ட் டூரரின், அதாவது பெட்டிகளோடு நெடுந்தூரம் போகும் அந்த வேகமான பைக்கின், பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சைலன்சரின் அடிவயிற்றில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் தகடு இன்னும் தெம்பாக இருக்கிறது. 'பொத்' என்று செத்த சத்தம் வந்தாலோ, உள்ளே மணல் சரிவதுபோல ஏதோ உதிர்ந்தாலோ, வெளியே குரோம் எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே துரு தின்று முடித்துவிட்டது. நான் முதன்முதலில் இப்படித் தட்டிப் பார்த்த அன்று கைப்பிடி நேராக உள்ளே போய்விட்டது.

சைலன்சர் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது, அத்தனையும் ஆவியாகப் பைப் வழியேதான் வெளியே போக வேண்டும். பைப் முழுக்கச் சூடேறும் அளவுக்கு ஓட்டினால் ஒன்றுமில்லை. நாலு தெரு சுற்றிவிட்டு நிறுத்துகிற ஓட்டமாகவே இருந்தால் அந்த ஆவி குளிர்ந்து, சைலன்சரின் வயிற்றில் தேங்கி, புகையிலிருக்கும் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு தகட்டை அரிக்க ஆரம்பிக்கும். சைலன்சரின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்குமே, அது இந்தத் தண்ணீர் வடியத்தான். ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து அதை எம்-சீல் வைத்து அடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. புதிதாகச் செய்பவர்கள் புது சைலன்சரை எப்படி மாட்டுவது என்றுதான் கவலைப்படுகிறார்கள். அது ஒரு மணி நேர வேலை. முழு வேலையும் பழையதைக் கழற்றுவதில் இருக்கிறது, அதிலும் எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக் கீழே இறக்கும் வளைந்த குழாயை, அதாவது பெண்ட் பைப்பை, சிலிண்டர் ஹெட்டில் பிடித்திருக்கும் நட்டுகளில் இருக்கிறது. நாலு சிலிண்டர் பைக்கில் சிலிண்டருக்கு இரண்டாக எட்டு. அந்த எட்டும் உடையாமல் வந்துவிட்டால் நீங்கள் வேலையைப் பாதிக்கு மேல் முடித்துவிட்டீர்கள்.

எவ்வளவு தூரம் கழற்ற வேண்டும்

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த நட்டுகளைத் தொடத்தான் வேண்டுமா என்பது. பின்னால் இருக்கும் சைலன்சர் மட்டும் போயிருந்து பெண்ட் பைப் நன்றாக இருந்தால், ஸ்லிப்-ஆன் எனப்படும் பின்பகுதி சைலன்சரை மட்டும் மாற்றுங்கள், ஹெட் பக்கம் போகவே வேண்டாம். ஒரு கிளாம்ப், ஒன்றிரண்டு போல்ட், முடிந்தது. முழு செட்டும் மாற்றினால் எடை குறையும், பவர் கூடும் என்று ஆசை காட்டுவார்கள். எடை குறைவது உண்மை, பழைய டூரர்களின் கம்பெனி எக்ஸாஸ்ட் நல்ல கனம். ஆனால் பெட்டிகளில் துணிமணியும் பின்னால் ஒரு ஆளும் ஏற்றிக்கொண்டு ஓட்டப்போகும் பைக்கில் அந்த நாலைந்து கிலோவுக்காக இருபது வருடம் அசையாமல் இருந்த ஸ்டட்டுகளை, அதாவது ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டு அந்த நட்டுகளைத் தாங்கும் மரைக் கம்பிகளை, சீண்டுவது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

பெண்ட் பைப்பே ஓட்டையாகிவிட்டது, அல்லது பைப்புகள் ஒன்றுசேரும் கலெக்டர் பெட்டி உளுத்துவிட்டது என்றால் வேறு வழியில்லை. சில மாடல்களில் கலெக்டரும் சைலன்சரும் ஒரே துண்டாக வெல்டு செய்யப்பட்டிருக்கும், அப்போதும் முழுதாகத்தான் இறக்க வேண்டும். உங்கள் மாடலின் பாகப் படத்தை, அதாவது ஒவ்வொரு துண்டையும் பிரித்து வரைந்திருக்கும் அந்தப் படத்தை, எடுத்து வைத்துக்கொண்டு எது எங்கே பிரியும் என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் ஆர்டர் செய்ய வேண்டும்.

ஸ்போர்ட் டூரருக்கு எக்ஸாஸ்ட் வாங்குவது சாதாரண ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு வாங்குவதுபோல் இல்லை. மூன்று விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

ஒன்று, பக்கவாட்டுப் பெட்டி. கம்பெனி சைலன்சர் தாழ்வாகப் படுத்துக்கொண்டு போவதே பெட்டிக்கு இடம் விடத்தான். கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கிற அழகான சைலன்சரை வாங்கி மாட்டினால் பெட்டி மாட்டாது, மாட்டினாலும் அடிப்பக்கம் உருகும்.

இரண்டு, சென்டர் ஸ்டாண்ட். இதை யாரும் யோசிப்பதில்லை. ஸ்டாண்டை மடித்ததும் அது மேலே எழுந்து ஒரு ரப்பர் கட்டையில் முட்டி நிற்கும். பல பழைய பைக்குகளில் அந்த ரப்பர் கட்டை இருப்பது சைலன்சரின் அல்லது கலெக்டரின் அடியில்தான். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டால் கட்டையும் போய்விட்டது. அப்புறம் ஸ்டாண்ட் இன்னும் மேலே போய் செயினிலோ, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலோ இடித்துக்கொண்டிருக்கும். வாங்கும்போதே, ஸ்டாண்ட் முட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேஸியில் தனியாக ஒரு முட்டு வைக்க வேண்டிவரும்.

மூன்று, சத்தம். நின்ற இடத்தில் முறுக்கிக் கேட்டால் எல்லாச் சைலன்சரும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது வரும் சத்தத்தை. நாலாயிரம், ஐயாயிரம் ஆர்பிஎம்மில் சில சைலன்சர்கள் வண்டு ரீங்காரம் போடுவதுபோல ஒரு முழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். முதல் இருபது நிமிடம் ரசிக்கலாம். முன்னூறு கிலோமீட்டர் தாண்டினால் தலைக்குள் யாரோ உட்கார்ந்து அரவை மில் ஓட்டுவதுபோல இருக்கும். டிபி கில்லர் என்று உள்ளே மாட்டும் தடுப்புக் குழாயைக் கழற்றி வைப்பதுதான் பெரிய ஸ்டைல் என்று நினைக்க வேண்டாம், அது உங்கள் காதுக்காக வைத்தது. ஐரோப்பிய விதிப்படி சோதித்த சைலன்சரில் வட்டத்துக்குள்ளோ செவ்வகத்துக்குள்ளோ ஆங்கில 'ஈ' (E) எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருக்கும். அது இருந்தால் நல்லது. கலெக்டருக்குள் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும் மாடல் என்றால் அதை எடுத்துவிட்டு வெறும் பைப் போடுவது பல நாடுகளில் குற்றம், வருடாந்திரச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

எஞ்சின் எப்படி உட்கார்ந்திருக்கிறது

எல்லா ஸ்போர்ட் டூரரும் ஒரே மாதிரி இல்லை. யமஹா எஃப்ஜே1200, கவாஸாகி கான்கோர்ஸ் மாதிரி நாலு சிலிண்டரும் குறுக்கே வரிசையாக நிற்கும் எஞ்சின் என்றால் நட்டுகள் முன்பக்கம் கண்ணுக்கெதிரே இருக்கும். ரேடியேட்டர் இருக்கும் பைக்கில் அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் கை போகும். ஹோண்டா விஎஃப்ஆர் மாதிரி குறுக்கே வைத்த வி-ஃபோர், அதாவது 'வி' வடிவில் முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாகச் சிலிண்டர் நிற்கும் எஞ்சின், என்றால் முன் இரண்டு சிலிண்டர் எளிது, பின் இரண்டின் போர்ட்டுகள், அதாவது புகை வெளியேறும் வாய்கள், பின்பக்கம் ஷாக் அப்சார்பரை ஒட்டி இருக்கும், அங்கே நீளமான எக்ஸ்டென்ஷனும் ஒரு மடங்கு சாக்கெட்டும் நிறையப் பொறுமையும் வேண்டும். பிஎம்டபிள்யூ கே100-ல் எஞ்சினே பக்கவாட்டில் படுத்திருக்கும், போர்ட்டுகள் தரையைப் பார்த்திருக்கும், அதனால் பைக்கை எவ்வளவு உயரத்தில் நிறுத்துகிறீர்களோ அவ்வளவு சுலபம். கீழே நான் சொல்வது பெரும்பாலும் வரிசை நாலு சிலிண்டரை மனதில் வைத்து. மற்றவற்றுக்கும் முறை அதேதான், கை நுழையும் இடம்தான் மாறும்.

ஒரு வாரம் முன்னால்

வேலை செய்யப்போவது சனிக்கிழமை என்றால் அதற்கு முந்தின ஞாயிறே தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டட்டின் மரையிலும், நட்டுக்குப் பின்னால் தெரியும் இடத்திலும், வயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டச் சொட்ட விடுங்கள். வாசலில் தண்ணீர் தெளிப்பதுபோலச் சுற்றி அடித்தால் பிரயோஜனமில்லை, மரை தொடங்கும் இடத்தில் விழ வேண்டும். இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். நடுவில் ஒருமுறை பைக்கை ஓட்டிச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி எண்ணெய் விட்டால் இன்னும் நல்லது. ஆறும்போது சுருங்குகிற இடுக்கு எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓட்டும்போது அந்த எண்ணெய் புகையும், பயப்பட வேண்டாம்.

அந்த வாரத்திலேயே பாகங்களை வரவழையுங்கள். சிலிண்டருக்கு ஒன்றாக போர்ட் கேஸ்கட் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் வளையம்), சைலன்சர் இணையும் இடத்துக்கு ஒரு கேஸ்கட், புது கிளாம்ப், சைலன்சரைச் சேஸியில் தொங்கவிடும் தொங்கு போல்ட்டுகளின் ரப்பர் புஷ். இதோடு ஸ்டட்டும் நட்டும் ஒரு முழு செட். 'பழையதே நன்றாக இருக்கிறதே' என்று தோன்றும், தோன்றட்டும், வாங்கி வையுங்கள். நட்டு பித்தளையில் அல்லது செம்புப் பூச்சில் கிடைத்தால் அதையே எடுங்கள், அடுத்த முறை கழற்றும்போது அது வாழ்த்தாத குறையாக வெளியே வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டு வேண்டவே வேண்டாம். அந்த ஜோடி ஒன்றையொன்று கடித்துக்கொண்டு பிரிய மறுக்கும்.

சாமான்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சாக்கெட் ஆறுமுனையாக இருக்க வேண்டும், பன்னிரண்டு முனை கூடாது. துருப்பிடித்த நட்டின் விளிம்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கும், பன்னிரண்டு முனை சாக்கெட் அதைச் சுத்தமாக வழித்து உருண்டையாக்கிவிடும். இன்னொன்று, ஜப்பான் பைக்குகளில் 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் சாக்கெட் பொருந்தும் நட்டுதான் வரும், கடையில் வாங்கும் பொது நட்டுக்கு 13. முந்தைய உரிமையாளர் கலந்து போட்டிருக்கலாம், எட்டையும் தனித்தனியாகச் சாக்கெட் வைத்துப் பாருங்கள்.

கழற்றும் நாள்

எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும், பைக் சென்டர் ஸ்டாண்டில் நிற்கட்டும். பெட்டிகள், ஃபேரிங் எனப்படும் பிளாஸ்டிக் உறையின் கீழ்ப்பகுதி, இரண்டையும் கழற்றுங்கள். பழைய ஃபேரிங்கின் பிளாஸ்டிக் காது குளிரில் பிஸ்கட் மாதிரி உடையும், இளஞ்சூடான வேளையில் செய்யுங்கள். ஒரு அட்டையில் பைக்கின் பக்கத்தைக் கோணல்மாணலாக வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்துவிடுவேன். ஒரே மாதிரி தெரியும் ஸ்க்ரூக்களில் இரண்டு மட்டும் நீளமாக இருக்கும், அவற்றை இடம் மாற்றிப் போட்டால் உள்ளே எதையாவது குத்தும்.

ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும் மாடல் என்றால் முதலில் அதன் வயரைப் பிரித்துவிடுங்கள். இதை மறந்து பைப்பை இறக்கினால் வயர் அறுந்துவிடும்.

அடுத்து பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். சைலன்சரின் கிளாம்ப்பைத் தளர்த்தி, தொங்கு போல்ட்டை எடுத்துவிட்டு, சைலன்சரை நேராக இழுக்காமல் இடதும் வலதுமாகத் திருகியபடி வெளியே எடுங்கள். நேராக இழுத்தால் பைக் ஸ்டாண்டிலிருந்து இறங்கி உங்கள் மேல் சாயும் வாய்ப்பு உண்டு. வரவே இல்லை என்றால் இணைப்பைச் சுற்றி எண்ணெய் விட்டு, மரச் சுத்தியால் சுற்றிலும் தட்டி, மறுபடி திருகுங்கள். தொங்கு போல்ட்டின் ரப்பருக்குள் ஒரு சின்ன இரும்புக் குழல் இருக்கும், கீழே விழுந்து உருண்டு ஓடும், பிடித்து வையுங்கள். அது இல்லாமல் மாட்டினால் ரப்பர் நசுங்கி, அதிர்வு நேராகச் சைலன்சருக்குப் போய் கொஞ்ச நாளில் பிராக்கெட் விரிசல் விடும்.

இப்போது கலெக்டருக்கு அடியில் ஒரு ஜாக்கியோ மரக்கட்டைகளோ வைத்து முட்டுக் கொடுங்கள். எட்டு நட்டுக்கு வருவோம்.

எடுத்த எடுப்பில் நட்டைக் கழற்றும் திசையில் திருகாதீர்கள். முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை. அது அசைந்தால் துருவின் பிடி விட்டது என்று தெரியும். பிறகு கழற்றும் திசையில் கால் சுற்று, திரும்ப உள்ளே அரைக்கால் சுற்று, எண்ணெய், மறுபடி வெளியே. கையில் வரும் உணர்வைக் கவனியுங்கள். 'க்ரீக்' என்று கத்திக்கொண்டே விட்டு விட்டு அசைந்தால் நல்லது, அது துரு உடைகிற சத்தம். சத்தமே இல்லாமல், ரப்பரைத் திருகுவதுபோல மெத்தென்று சாக்கெட் நகர்ந்தால் உடனே நிறுத்துங்கள். நட்டு கழலவில்லை, ஸ்டட் முறுகிக்கொண்டிருக்கிறது. இன்னும் கால் சுற்றில் அது உடையும்.

எனக்கு அதுதான் நடந்தது. ஏழு நட்டு வந்துவிட்டது, மறுநாள் காலை பயணம், நேரம் இரவு பத்து. எட்டாவதில் அந்த மெத்தென்ற உணர்வு கையில் வந்தது, வந்ததும் தெரிந்தது, ஆனாலும் ஏழு வந்துவிட்டதே என்ற தைரியத்தில் இன்னொரு இழுப்பு இழுத்தேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சாக்கெட் திடீரென்று லேசாகிவிட்டது. பயணம் போயிற்று, மூன்று வாரம் பைக்கும் போயிற்று.

மெத்தென்று தெரிந்தால் செய்ய வேண்டியது சூடு. ஹெட் அலுமினியம், ஸ்டட் எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே ஸ்டட் ஹெட்டுக்குள் பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்டட்டைச் சுட வேண்டாம், அதைச் சுற்றியிருக்கும் ஹெட்டைச் சுட வேண்டும். நட்டுதான் ஸ்டட்டில் பிடித்திருக்கிறது என்றால் நட்டைச் சுடுங்கள். ஹாட் ஏர் கன் போதும், அதையே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு பிடியுங்கள். கேஸ் டார்ச் எடுப்பதாக இருந்தால் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெகுதூரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள், கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். அந்த இடத்தில் முன்பு பிரேக் கிளீனர் அடித்திருந்தால் முழுக்கக் காயும்வரை சூடே காட்டக் கூடாது. குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் விஷவாயுவாக மாறும், இது மிகைப்படுத்தல் இல்லை. சூடான நட்டின் விளிம்பில் ஒரு மெழுகுவத்தியைத் தொட்டு வைத்தால் உருகிய மெழுகு மரைக்குள் ஊர்ந்து போய் உட்காரும், சில நேரம் எண்ணெயைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

அப்படியும் உடைந்துவிட்டால் பதற்றப்படாமல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே இருந்தால் பிழைத்தீர்கள், மரை நன்றாக இருந்தால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, உள் நட்டைத் திருகி ஸ்டட்டையே வெளியே எடுக்கலாம், அல்லது வைஸ் பிளையரால் பிடித்து, ஹெட்டைச் சூடாக்கி எடுக்கலாம். ஓரிரு மில்லிமீட்டர்தான் நீட்டியிருக்கிறது என்றால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு செய்து திருகுவது நல்ல வழி. வெல்டிங் சூடே பாதிப் பிடியை விடுவித்துவிடும், ஆனால் பேட்டரியையும் கம்ப்யூட்டர் இருந்தால் அதையும் பிரித்துவிட்டுத்தான் வெல்டர் கைவைக்க வேண்டும். ஹெட்டோடு மட்டமாக உடைந்திருந்தால், முதல் முறை செய்பவர் டிரில்லைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. டிரில் கெட்டியான எஃகிலிருந்து வழுக்கி மெத்தான அலுமினியத்துக்குள் போய்விடும், அப்புறம் துளை கோணலாகிவிடும். என் வேலையை ஒரு லேத் பட்டறைக்காரர்தான் முடித்துக் கொடுத்தார், உடைந்ததைத் துளைத்தெடுத்து உள்ளே கம்பிச் சுருள் மரை வைத்து. அந்தக் கம்பிச் சுருள் மரை அலுமினியத்தின் சொந்த மரையைவிட உறுதியாகவே நிற்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மாட்டுவதற்கு முன்

பெண்ட் பைப் இறங்கியதும் டார்ச் லைட் அடித்து ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் பாருங்கள். பழைய கேஸ்கட் அங்கே இருக்கும். இருபது வருடக் கரியில் ஹெட்டின் ஒரு பகுதி மாதிரியே நிறம் மாறி ஒட்டிக்கிடக்கும். இல்லை என்று நினைத்துப் புதியதை அதன்மேலேயே வைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறுகளிலேயே சாதாரணமானது, பைப் சரியாக உட்காராது, கசியும். முனை வளைந்த ஊசியாலோ சின்ன ஸ்க்ரூடிரைவராலோ உள்விளிம்பில் கொடுத்து நெம்பினால் வளையமாக வெளியே வரும். ஹெட்டின் பரப்பைக் கீறாமல் செய்யுங்கள். உதிர்ந்த கரி உள்ளே போகாமல் போர்ட்டில் ஒரு துணியைத் திணித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்தத் துணியை மறக்காமல் எடுங்கள். நாலு போர்ட்டுக்கு நாலு துணி, எடுத்ததும் எண்ணிவிடுவது என் பழக்கம்.

ஸ்டட்டுகளின் மரையை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, புது நட்டை விரலால் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். விரலில் ஓடவில்லை என்றால் அந்த ஸ்டட்டை மாற்றுங்கள். மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும், சூட்டைத் தாங்கும் ஆண்டி-சீஸ் பசையை மரையில் மெல்லிசாகப் பூசுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோலப் போதும், குழைத்து அப்ப வேண்டியதில்லை.

மாட்டுவது

புது கேஸ்கட்டைப் போர்ட்டில் வைத்தால் கீழே விழும். ஒரு சொட்டு கிரீஸ் வைத்து ஒட்டினால் நிற்கும், முதல் ஓட்டத்தில் கிரீஸ் எரிந்து போய்விடும். பழைய ஜப்பான் பைக்குகளில் பைப்பின் வாயைச் சுற்றி இரண்டு அரைவட்டத் துண்டுகள் வந்து, அவற்றின்மேல் நட்டுகள் இறுக்கும் வளையமான காலர் அழுத்தும். இரண்டு கையில் நாலு பைப்பையும் எட்டுத் துண்டுகளையும் பிடிக்க முடியாது. துண்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுப் பைப்போடு கட்டிவிட்டால் வேலை நடக்கும், ரப்பரும் எரிந்து போகும், கொஞ்சம் நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான். கூட ஒரு ஆள் இருந்தால் இந்தப் பத்து நிமிடத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரே விதி: எல்லாவற்றையும் மாட்டி முடிக்கும்வரை எதையும் இறுக்காதீர்கள். ஹெட் நட்டுகள் விரலால், கலெக்டர் தளர்வாக, சைலன்சர் நுழைத்து, தொங்கு போல்ட்டுகள் பாதி மரையில். முழு எக்ஸாஸ்ட்டும் தன் எடையில் தொங்கி, தானாக ஒரு இடம் பார்த்து உட்கார வேண்டும். தொங்கு போல்ட்டை நுழைக்க சைலன்சரை நெம்பித் தூக்க வேண்டியிருந்தால் ஏதோ சரியில்லை, திரும்பிப் போய் பைப் போர்ட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நெம்பி மாட்டிய எக்ஸாஸ்ட் எப்போதும் இழுப்பிலேயே இருக்கும், விரிசல் விடுவது அதுதான்.

இப்போது முன்னாலிருந்து பின்னால். ஒரு சிலிண்டரின் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, காலர் இருபக்கமும் ஒரே இடைவெளியில் இறங்கும்படி. ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதுக்கு வந்தால் காலர் கோணலாகி கேஸ்கட் ஒருபக்கம் மட்டும் நசுங்கும். 8 மில்லிமீட்டர் ஸ்டட்டில் பல மாடல்களுக்கு டார்க், அதாவது திருகி இறுக்கும் அளவு, 20 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் வரும், உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. பசை பூசிய மரையில் அதே டார்க்குக்கு இழுப்பு அதிகமாக இருக்கும், அதனால் தாராளமாக இறுக்க வேண்டாம். நட்டுகளுக்குப் பிறகு கலெக்டர் கிளாம்ப், சைலன்சர் கிளாம்ப், கடைசியில் தொங்கு போல்ட்டுகள். சென்சாரின் மரைக்கும் கொஞ்சம் பசை, அதன் முனையில் மட்டும் எதுவும் படக் கூடாது. இணைப்புகளில் கண்ட சிலிகான் பசையையும் அப்ப வேண்டாம், சென்சாரை அது கெடுத்துவிடும்.

ஃபேரிங்கை மாட்டுவதற்கு முன்னால் சென்டர் ஸ்டாண்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின்பிரேக் பெடலை அழுத்திப் பாருங்கள். ஒரு கனமான ஆளைப் பின்சீட்டில் உட்காரவைத்து நீங்களும் ஏறி நன்றாகக் குலுக்கி, ஸ்விங் ஆர்ம் மேலே வரும்போது சைலன்சரில் உரசுகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியை மாட்டி, அதற்கும் சைலன்சருக்கும் நடுவில் கை நுழைகிறதா என்று பாருங்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கும் ஃபில்டருக்கும் ஸ்பானர் போகிறதா? போகவில்லை என்றால் அடுத்த ஆயில் மாற்றத்துக்கு எக்ஸாஸ்ட்டைக் கழற்ற வேண்டிவரும், இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

முதல் ஸ்டார்ட்

சாவியைத் தொடுமுன் பைப் முழுவதையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உங்கள் எண்ணெய்க் கைரேகை இருந்தால் சூட்டில் அது அப்படியே சுட்டுப் பதிந்துவிடும், ஐந்து விரலும் எண்ணலாம்.

வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள், மூடிய அறையில் ஒரு நிமிடம்கூட வேண்டாம், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. கிரீஸும் எண்ணெயும் எரிந்து வெள்ளைப் புகை வரும், ஐந்து பத்து நிமிடத்தில் நின்றுவிடும். பைப் சூடேறுவதற்கு முன் தடித்த கையுறை போட்டு, ஒரு துணியை மடித்துச் சைலன்சர் வாயை ஒரு கணம் அடைத்துப் பாருங்கள், இரட்டைச் சைலன்சர் என்றால் இரண்டையும் சேர்த்து. எஞ்சின் திணறி நிற்கப் பார்த்தால் இணைப்புகள் இறுக்கமாக இருக்கின்றன. 'டிக் டிக் டிக்' என்று ஹெட் பக்கம் கேட்டால் அங்கே கசிவு. வால்வு சத்தம்போலவே இருக்கும், குழம்ப வேண்டாம். எஞ்சின் சூடாகச் சூடாக அந்தச் சத்தம் குறைந்தால் பெரும்பாலும் கேஸ்கட்தான்.

ஆக்சிலேட்டரை விட்டதும் பைப்பில் பட்பட்டென்று வெடிக்கிறது என்று பலர் உடனே கார்புரேட்டரைக் கழற்றப் போகிறார்கள். முதலில் கசிவைத் தேடுங்கள். இணைப்பு வழியே உள்ளே போகும் காற்று, எரியாமல் வந்த பெட்ரோலோடு சேர்ந்து பைப்பிலேயே எரிகிற சத்தம் அது. ஹெட்டுக்குள் புதுக்காற்றை அனுப்பும் துணைக்காற்று அமைப்பு இருக்கும் பைக்குகளிலும் இது கொஞ்சம் கேட்கும். கசிவில்லை, ஆனால் முறுக்கும்போது எஞ்சின் ஒரு கணம் தயங்குகிறது, ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்திருக்கிறது என்றால்தான் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். கம்பெனிச் சைலன்சரைப் போலவே அமைதியான ஸ்லிப்-ஆன் மாட்டியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வேலை வருவதில்லை. முழு செட்டும் மாற்றி, ஏர் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸையும் எடுத்துவிட்டு திறந்த ஃபில்டர் போட்டவர்களுக்கு நிச்சயம் வரும்.

முதல் ஓட்டம் பக்கத்திலேயே இருக்கட்டும், அரை மணி நேரம் போதும். வந்து, முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில் எட்டு நட்டையும் மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள். புது கேஸ்கட் சூட்டில் நசுங்கி உட்கார்ந்திருக்கும், நாலைந்து நட்டாவது கொஞ்சம் திரும்பும். இன்னொரு நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை, அதன்பிறகுதான் ஃபேரிங்கை முழுசாக மாட்டுவேன்.

பழைய சைலன்சரை உடனே காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்டாண்ட் ரப்பரும், வெப்பத் தகடும், அந்த உருண்டோடிய இரும்புக் குழலும் அதில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.